ஆறாம் பாகத்தில் பொதியன்

தலவாக்கலைக் கடைவீதியிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில், இரண்டாவது வளைவில் ஒரு மதகு உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கருவாடும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் அதில் குந்தி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குப் பவுலின் அங்கே உட்கார்ந்தது முந்தானைக்குள் இருந்த புத்தகத்தைப் பிரிப்பதற்காக. பிரித்திருக்கவே கூடாது என்று முதல் அத்தியாயம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது.

மேகநாட்டு மகுடம், ஆறாம் பாகம். அட்டையில் பனி மூடிய மலை, அதன்மேல் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பூதம். துணிக்கடை மஃறூப் நானாவுக்கு இந்தக் கதைமேல் பைத்தியம். மதராசிலிருந்து தருவித்து, தான் ஒரு தரம் படித்துவிட்டு, பக்கத்தைக் கசக்காத ஆளாகப் பார்த்து இரவல் கொடுப்பார். இன்றைக்குக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் முகமே சரியில்லை.

“என்னா நானா, பொதியன் தப்பிச்சானா?”

“என்கிட்டக் கேக்காதீங்க தங்கச்சி. கொண்டு போய்ப் படிங்க. எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல்ல. ஊட்டுல ஸுலைஹா கேக்குறா, யாரு மவுத்தாப் போனதுன்னு.”

சொன்ன பிறகுதான் மனுசன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கப்புறம், தோட்டத்து வரிசை வீடான லயம் வரைக்கும் பொறுத்துக்கொண்டு நடக்கப் பவுலினால் முடியவில்லை.

ஐந்தாம் பாகம் முடிந்த இடத்தில் லயமே ஒரு வருசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே கயிற்றுப் பாலம். மந்திரவாதி ஏவிவிட்ட பனிப்பூதங்கள் பின்னால் வருகின்றன. பாலத்துக் கயிறு அறுந்துவிட, அறுந்த நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாறையில் காலை ஊன்றி நிற்கிறான் சுமைகூலி பொதியன். இளவரசன் பாலத்தின் நடுவில். அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. இப்போது ஆறாம் பாகத்தில், பொதியன் பிடித்த பிடியை விடவில்லை. இளவரசன் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். அதே நேரம் மேலே மலை சரிந்தது. ‘பொதியன் நின்ற இடத்தில் வெண்பனி மட்டுமே இருந்தது. இளவரசர் பெருமூச்செறிந்தார். படை மேலே நடந்தது.’ மூன்று வரி. ஐந்து பாகம் தலையில் மகுடப் பெட்டியைச் சுமந்து வந்தவனுக்கு எழுதினவன் கொடுத்தது மூன்றே வரி.

பவுலின் புத்தகத்தைப் பட்டென்று மூடி, எழுதினவனைத் திட்டித் தீர்த்தாள். பொதியனுக்காக மட்டும் திட்டவில்லை. மத்தியானம் இதைக் காளியாயி அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டுமே!

லயத்து வரிசையில் காளியாயி அடுத்த காம்பராக்காரி, இரண்டு அறைக்கும் ஒரே சுவர். பவுலினுக்குப் பத்து வயது மூத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். தன் மூத்த மகன் டக்ளஸ் கைப்பிள்ளையாக இருந்தபோது பவுலின் நெருப்புக் காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்தாள். காளியாயிதான் விடியற்காலை மழையில் பிள்ளையைச் சாக்கில் பொத்தி, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் விட்டு, மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, திரும்பும்போது பிள்ளையைத் தூக்கி வந்து, இவளுக்குக் கஞ்சியும் காய்ச்சி ஊற்றினாள். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் கடனை எதைக் கொடுத்து அடைப்பதென்று பவுலினுக்குத் தெரியாது. அவளிடம் இருந்த ஒரே உபரிச் சொத்து, சாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தன் காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். காளியாயி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மற்றவர்கள் வாசற்படியிலும் விறகுக் கட்டையிலுமாகக் கூடிவிடுவார்கள்.

கதையில் பறக்கும் குதிரை வரும், பேசும் மலை வரும், ராசகுமாரி கண்ணீர் விட்டால் முத்தாக உதிரும். அதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லயத்துச் சனம் எல்லாம் பொதியன் பேர் வந்தால்தான் நிமிர்ந்து உட்காரும். கடைசியாகச் சாப்பிடுகிறவன், யார் என்ன சொன்னாலும் பதில் பேசாதவன், இரண்டாம் பாகத்தில் ராசா “உனக்கு என்ன வரம் வேண்டும்?” என்று கேட்டபோது “கொஞ்சம் பொகையிலை” என்றவன். அவனை முதலில் கண்டுபிடித்தது காளியாயியின் புருசன் அழகுமுத்துதான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே கதை கேட்டவன் நிமிர்ந்து சொன்னான்: “மகுடத்தையே தலையில தூக்கிக்கிட்டுத் திரியிறான். அந்த நாட்டுல அவனுக்கு வோட்டு இருக்கான்னு கேளு. நமக்கு இல்லாத மாதிரி அவனுக்கும் இருக்காது. நம்ம ஆளுதான்யா அவன்.” லயமே சிரித்தது. அன்றிலிருந்து பொதியன் நம்ம ஆள்.

மூன்றாம் பாகம் முடிந்த கையோடு அழகுமுத்து கங்காணியோடு முறைத்துக்கொண்டு, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ரோடு வெட்டுகிற வேலைக்குப் போனான். போகும்போது பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனான்: “நாலாவது பொஸ்தகம் வந்தா நல்லாக் கேட்டு வச்சுக்க. வந்து கேப்பேன்.” மூன்றாம் மாதம் மழையில் மலை சரிந்தது. அவனும் இன்னும் சிலரும் மண்ணுக்குள் போனார்கள். இரண்டு நாள் தோண்டினார்கள். மேலேயிருந்து மறுபடியும் மண் வரும் என்ற பயத்தில் விட்டுவிட்டார்கள். பவுலின் புருசன் லியனார்டும், தப்படிக்கிற வீரய்யாவும் நனைந்து நடுங்கி அங்கே போய்ச் சேர்ந்தபோது, கொட்டகையில் கழற்றி மாட்டியிருந்த அவனுடைய கறுப்புக் கம்பிளி மட்டும்தான் மிச்சம். அதைத்தான் கொண்டுவந்தார்கள்.

காளியாயி கம்பிளியை வாங்கி உதறி, மடித்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். “வந்தா குளிருமுல்ல,” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. பொணம் இல்லாமல் எப்படி மாரடிப்பது என்று மற்றப் பெண்களுக்கும் தெரியவில்லை. வீரய்யாவும் தப்பை எடுக்கவில்லை. தாலி கழுத்தில் கிடந்தது. பொட்டு நெற்றியில் இருந்தது. இரண்டு வருசமாக அடைமழையில் கிழிந்த சாக்கைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாளே தவிர, அந்தக் கம்பிளியைத் தொடவில்லை. சில பேர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்தார்கள். பவுலினுக்கு மட்டும்தான் தெரியும், காளியாயி நாலாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் எப்படிக் கேட்டாள் என்று. வாசித்து முடித்ததும் மெதுவாகக் கேட்பாள்: “அந்தக் குருதைக்கு என்னா பேரு சொன்ன? இன்னொருக்கா சொல்லு. அவரு வந்தா வரிசையாச் சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து பவுலின் விசயத்தைச் சொன்னபோது, லியனார்ட் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“பொதியனும் மண்ணுக்குள்ளயா?”

“பனிக்குள்ள.”

“ரெண்டும் ஒண்ணுதான். நீ ஏன் அதப் படிக்கிற? பொழைக்க வச்சிடு. எழுதுனவன் என்னா, நம்ம லயத்துக்கு வந்து காதக் குடுத்துக் கேக்கப் போறானா?”

“பொய்யில்லியா?”

“பூதம் பறக்குறது மட்டும் உண்மையாக்கும்!”

பவுலின் அதையே முடிவு செய்துகொண்டாள். அந்தக் கயிற்றை விட்டால் காளியாயியும் சேர்ந்தல்லவா விழுவாள்!

மத்தியானம் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். காளியாயி குளித்து, தலை முடிந்து, வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “ஆரம்பி புள்ள. ஒரு வருசமா அவன் அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். கை விட்டுப் போயிருக்கும்,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பவுலின் வாசித்தாள். பாலம் ஆடியது. பூதங்கள் கூவின. இளவரசன் அக்கரையில் காலை வைத்தான். மலை சரிந்தது. அந்த இடத்தில் அவள் மூச்சை இழுத்து, புத்தகத்தில் இல்லாததைச் சொன்னாள். பொதியன் ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கிக்கொண்டானாம். பனி அவன் தலைக்கு மேலே போய்விட்டதாம். உதறிக்கொண்டு எழுந்து வந்தானாம். கட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள் ‘அப்பாடா’ என்று காலை நீட்டினார்கள்.

காளியாயி மட்டும் வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“பவுலினு, அந்த எடத்த இன்னொருக்காப் படி.”

பவுலின் மறுபடி சொன்னாள். இந்த முறை பாறை இடுக்கு, மரப் பொந்தாகிவிட்டது.

“மொதல்ல பாறைன்னியே.”

பவுலின் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பப் பார்த்தாள்.

“அக்கா…”

“நீ படிக்கையில ஒங் கண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப ஒரே எடத்துல நிக்கிது. எங்கிட்டயும் ஆளாளுக்கு இப்பிடித்தான் பேசுனாங்க. எங்கியாச்சும் ஒதுங்கியிருப்பாரு, ஆஸ்பத்திரியில கெடப்பாரு, கண்டிப் பக்கம் பாத்தாங்களாம்னு. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல.” குரல் உயரவே இல்லை. “இருக்குறதப் படி புள்ள.”

லியனார்ட் தலையைக் குனிந்துகொண்டான். கண்டிப் பக்கம் என்று சொன்னவன் அவன்தான். பவுலின் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று வரியையும் வாசித்தாள். மூன்று வரி வாசிக்க அவளுக்கு மூன்று மூச்சுப் பிடித்தது.

“தேடலியா?” என்று கேட்டாள் காளியாயி.

“இல்லக்கா.”

“பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கலியா?”

“அப்பிடி ஒண்ணும் போடலக்கா. படை மேல நடந்துச்சுன்னு போட்டிருக்கு.”

“நடந்துட்டானுங்களா? அவன் செமந்துக்கிட்டு வந்த பொட்டிய எவன் எடுத்தான்?”

“வேற ஒருத்தன் தலையில ஏத்திட்டாங்களாம்.”

காளியாயி எழுந்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். சண்டைக்குப் போகிறவள் மாதிரி இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு இறங்கினாள். அங்கே நடுவில் நின்று இரண்டு கையாலும் மார்பில் ஓங்கி அடித்தாள்.

“செமந்த தோளு ஆறலியே, என் ராசா, ஒனக்குச் செமையெறக்க ஆளில்லியே! மலையே ஒனக்குக் குழியாச்சா, என் ராசா, ஒம் மேல மண்ணள்ளிப் போடக் கையில்லியே!”

முதல் அடியில் அது பொதியனுக்குத்தான். லயத்துப் பெண்களும் பொதியனுக்கென்றுதான் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது அடியில் பனி மண்ணாகிவிட்டது. நாலாவது அடியில் நோட்டன் மழை வந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கென்று கேட்க யாருக்கும் அவசியமில்லை. பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பவுலினும் போனாள். கிறிஸ்தவக் கோயிலில் மாரடிக்கிற பழக்கம் இல்லை. கை தானாகப் பழகிக்கொண்டது.

ஒப்பாரி மேல் லயம் வரை கேட்டது. பக்கத்தில் சாவு என்றால் மலையில் யாரும் ஆள்விட்டுக் கூப்பிடக் காத்திருப்பதில்லை. முதலில் இரண்டு ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கி வந்து, “குழி எங்க வெட்டுறது?” என்று கேட்டார்கள். பின்னாலேயே வீரய்யா தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். விடியற்காலை ஆட்களை எழுப்பத் தப்படிக்கிறவனும் அவன்தான், கடைசியாகக் குழி வரை அடித்துக்கொண்டு போகிறவனும் அவன்தான்.

“யாருய்யா? யாரு போனது?”

“பொதியன்,” என்றான் லியனார்ட்.

“எந்த லயத்துப் பொதியன்?”

“கதையில வர்றவன் மாமா. கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னான்ல.”

மண்வெட்டிக்காரர்களில் ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான். “சரிதான்! பொஸ்தகத்தத்தான் பொதைக்கணும் போல. குழி சின்னதாப் போதும்.” வீரய்யா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. கிழவன் வாசலில் சுருண்டு கிடந்த காளியாயியைப் பார்த்துவிட்டுத் தப்பைத் தோளிலிருந்து இறக்கினான். கம்பிளியை நோட்டனிலிருந்து சுமந்து வந்த தோள் அவனுடையது.

“பவுலினு, அடுப்புல தீ இருக்கா? தோலு காய்ச்சணும். ரெண்டு வருசமா அடிக்க வேண்டியது கெடக்குது.”

அவன் அடித்தான். சாவுக்கு அடிக்கிற அடி, ஒரு சொட்டும் குறைக்காமல். இருட்டுகிற நேரத்தில் பெண்கள் காளியாயியை ஓடைநீர் விழும் பீலிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். திரும்பி வரும்போது அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. பவுலின் கொண்டுபோய்க் கொடுத்த கஞ்சியை வாங்கி, ஒரு வாய் விடாமல் குடித்தாள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பாதி ஆட்கள் இல்லை. மேல் லயத்திலிருந்து பத்துப் பேர் ‘இழவுக்குப் போக வேண்டும்’ என்று தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் விசயம் விளங்கி, கூடையைத் தூக்கிக்கொண்டு தாமதமாக ஓடிவந்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கிற கண்டாக்கையா, ஆட்கள் பேர் எழுதின செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தினார்.

“தோட்டத்துல சாவுன்னா எனக்கு ஏன் சொல்லல? யாரு செத்தது? பேரு?”

ஆட்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ மெதுவாக, “பொதியனுங்க,” என்றார்கள். ஐயா செக்ரோலைப் பிரித்து விரலை ஓட்டினார்.

“பொதியன்… அப்பிடி ஒரு பேரு இல்லியே. எந்த டிவிசன்?”

“மேகநாடுங்கய்யா.”

அடக்கி வைத்த சிரிப்பு களம் முழுக்க வெடித்தது. கண்டாக்கையாவுக்குக் காது சிவந்துவிட்டது. “கதை கேட்டுட்டு வேலைக்கு வராம இருக்கீங்களா? என்னைய என்னா கோமாளின்னு நெனச்சீங்களா?” என்று அவர் கையை ஓங்கும்போது, பெண்கள் வரிசையிலிருந்து காளியாயி முன்னால் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. பவுலின் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். கைக்கு அகப்படவில்லை.

“செத்தது எம் புருசங்கய்யா.”

“ஒம் புருசனா? அவன்தான் அப்பவே…” என்றவர், ஓங்கிய கையை இறக்கி, “பேரு என்னா?” என்றார்.

இருபது வருசம் குடும்பம் நடத்திய பெண் அந்தப் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. அவரு, வீட்டுல, இந்தா பாருங்க: இவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போதுகூடப் பக்கத்தில் நின்ற பவுலினைப் பார்ப்பாள், பவுலின்தான் சொல்வாள். இப்போதும் பவுலின் வாயைத் திறந்தாள். காளியாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அழகுமுத்து,” என்றாள். “அழகுமுத்துங்கய்யா. செத்து ரெண்டு வருசமாச்சு. நேத்துதான் அழுதோம்.”

பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற வீரய்யா தலைத்துண்டை அவிழ்த்தான். கண்டாக்கையா செக்ரோலை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், “பிந்தி வந்தவங்களுக்கு அரைப் பேருதான். மலைக்குப் போங்க,” என்றார். அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி போச்சு. வேறொரு நாளாக இருந்திருந்தால் களத்தில் ஒரு சண்டையே நடந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கூலியைப் பொதியனுக்குப் போட்ட வாய்க்கரிசி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மலைக்கு ஏறத் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பவுலின் நடந்துகொண்டே மதகில் உட்கார்ந்து திட்டியதை நினைத்தாள். சாமி சத்தியமாக, கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற அந்த எழுதினவனை அவள் நேற்று வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். மூன்று வரிதானா என்று. அவன் மட்டும் மூன்று பக்கம் எழுதி, இளவரசனை அழவைத்து, பொதியனுக்குச் சந்தனக்கட்டை அடுக்கிக் கொள்ளி வைத்திருந்தால், லயத்துச் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கும். அவன் செய்யாமல் விட்டது இவர்களுக்கு வந்து சேர்ந்தது. வாரக் கடைசியில் கோயிலுக்குப் போகும்போது அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அவன் பேரைக்கூட அவள் அட்டையில் சரியாகப் பார்த்ததில்லை. மஃறூப் நானாவுக்கும் ஒன்று கொளுத்தலாம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

“பவுலினு!”

திரும்பினாள். காளியாயி ஏதோ மறந்துவிட்டது என்று லயத்துப் பக்கம் போயிருந்தவள், குறுக்குப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“ஏழாவது பொஸ்தகம் எப்ப வருமாம்?”

“கப்பல் வரணுமேக்கா. நானா கேட்டு எழுதிப் போடுவாரு.”

“சீக்கிரம் வரச் சொல்லு. அந்த எளவரசன் திரும்பிப் பாத்தானா இல்லியான்னு எனக்குத் தெரியணும்.”

சொல்லிவிட்டு அவள் முந்திக்கொண்டு ஏறினாள். தலையிலிருந்து கெண்டைக்கால் வரை, ஆளுக்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கம்பிளி. இரண்டு வருசப் பரண் மடிப்பு அதன் முதுகில் இன்னும் நேர்கோடாகத் தெரிந்தது. மழை அந்தக் கோட்டின் மேல் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. ஓரம் தேயிலைச் செடிகளில் பட்டுப் பட்டு நீரை உதற, வரிசை அவள் பின்னால் மலையேறியது.